பால் பிராண்ட்

பால் வில்சன் பிராண்ட் (ஜூலை 17, 1914 – ஜூலை 8, 2003) தொழுநோயால் செயலிழந்த கைகளையும் கால்களையும் சீர்செய்யும் அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார். ஆங்கிலேயப் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் பிறந்த இவர், இன்றைய நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கொல்லிமலையில் வளர்ந்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளும், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் மருத்துவமனையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளும் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்ற நெடுநாள் நம்பிக்கை தவறானது என்றும், வலியை உணர இயலாமையால் நேரும் காயங்களே உறுப்பிழப்புக்குப் பெரிதும் காரணம் என்றும் எடுத்துக்காட்டியது இவரது தலையாய பங்களிப்பாகும். இந்திய ஊனமுற்றோர் வரலாற்றைப் படிப்போர்க்கு இவரது வாழ்க்கை இன்றியமையாத ஒரு பகுதியாகும்.

பிறப்பும் இளமையும்

பிராண்டின் தந்தை ஜெசி பிராண்ட், தாய் எவலின் பிராண்ட். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த சமயப் பணியாளர்கள். இவர்கள் முதலில் சேந்தமங்கலம், நாமக்கல் சமவெளிப் பகுதியில் இருந்தனர். 1913 இல் திருமணம் செய்துகொண்டபின் கொல்லிமலையில் குடியேறினர். மலைக்குச் சாலை இல்லாத காலம் அது. நடந்தோ டோலியிலோதான் மேலே செல்ல வேண்டும். மலைக்காய்ச்சல் மிகுந்த பகுதியாதலால் சமவெளி மக்கள் அங்கே தங்க அஞ்சினர். கட்டட வேலை அறிந்தவரும் ஓராண்டு அடிப்படை மருத்துவம் பயின்றவருமான ஜெசி, மலைவாழ் மக்களுக்கு மருந்து கொடுத்தார், வீடு கட்டினார், மரவேலையும் பயிர்த்தொழிலும் கற்பித்தார். பாலும் அவருடைய தங்கை கோனியும் மலைவாழ் குழந்தைகளோடு மரமேறி விளையாடி வளர்ந்தனர்.

இளமையில் பால் கண்ட ஒரு காட்சி அவர் நினைவில் நிலைத்து நின்றது. தொழுநோயாளர் மூவர் ஒருநாள் தந்தையை நாடி வந்தனர். வழக்கமாக வெறுங்கையால் நோயாளிகளைத் தொடும் தந்தை அன்று கையுறை அணிந்துகொண்டார். அவர்களின் கால்களைக் கழுவி, மருந்திட்டுக் கட்டி அனுப்பினார். அவர்கள் அமர்ந்த இடத்திற்குச் செல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளையிடப்பட்டது. இரக்கமும் அச்சமும் ஒருங்கே வெளிப்பட்ட அந்த நாளைத் தம் நூல்களில் அவர் பிற்காலத்தில் விவரித்துள்ளார்.

1923 இல் ஒன்பது வயதான பாலும் தங்கையும் கல்வியின் பொருட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, உறவினர் வீட்டில் வளர்ந்தனர். மலையில் கண்ட பூச்சிகள், மரங்கள், மனிதர்கள் பற்றித் தந்தை மகனுக்குத் தவறாமல் கடிதம் எழுதி வந்தார். 1929 சூன் மாதத்தில் ஜெசி மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றால் காலமானார். இறப்புச் செய்தி தந்தி வழியாக உடனே இலண்டனை அடைந்தது. ஆனால் அவர் முன்னர் எழுதி அனுப்பியிருந்த கடிதம் கப்பல் வழியாக அதன் பின்னரே மகன் கைக்கு வந்து சேர்ந்தது.

கல்வி

பள்ளிப் படிப்பில் பிராண்ட் சிறந்து விளங்கவில்லை. பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு நீங்கிக் கட்டடத் தொழில் பழகினார். தச்சு வேலை, கல் வேலை உள்ளிட்டவற்றைச் சில ஆண்டுகள் கற்றார். தந்தையைப் போலவே சமயப் பணிக்கு வர விரும்பி, அதற்கான ஆயத்தமாக அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றபோதுதான் மருத்துவத்தில் நாட்டம் பிறந்தது. 1937 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே உடன் பயின்ற மார்கரெட் பெரியை 1943 இல் மணந்தார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டுவீச்சு நடந்த ஆண்டுகளில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தது அவருக்கு நல்ல பயிற்சியாக அமைந்தது. மார்கரெட் பின்னாளில் தொழுநோயாளரின் கண் பாதிப்புகளில் சிறப்பு அறிவு பெற்ற கண் மருத்துவரானார்.

வேலூரும் செங்கல்பட்டும்

1946 இல் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவ ஆசிரியராக வந்தார். அக்கல்லூரியின் முதல்வராக அப்போது இருந்தவர் தொழுநோய் வல்லுநரான இராபர்ட் காக்ரேன். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையையும் அவர் கவனித்து வந்தார். இம்மருத்துவமனை 1955 இல் நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக மாற்றப்பட்டது.

1947 இல் காக்ரேன் அழைப்பின் பேரில் அங்கே சென்ற பிராண்ட், வளைந்து மடங்கிய விரல்களோடு பலர் இருக்கக் கண்டார். ஓர் இளைஞரின் கையைப் பற்றி, தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலுவற்றது என்று நினைத்த அந்தக் கை வலிக்கும் அளவுக்கு இறுகப் பற்றியது. எனவே அக்கையில் உள்ள எல்லாத் தசைகளும் செயலிழக்கவில்லை என்பது அவருக்குப் புலனாயிற்று. இளம்பிள்ளை வாதத்தாலும் விபத்தாலும் செயலிழந்த கைகளுக்கு அறுவை மருத்துவம் இருந்தபோது, அவற்றைவிட மிகுந்த எண்ணிக்கையினரான தொழுநோயாளருக்கு அது ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. தொழுநோயாளரின் தசை கெட்டது, அறுத்தால் ஆறாது என்று அக்காலத்தில் மருத்துவர்களே நம்பியிருந்தனர். பொது மருத்துவமனைகள் அவர்களைப் படுக்கையில் சேர்க்கவும் தயங்கின.

கை அறுவை மருத்துவம்

பிராண்டும் உடன் பணியாற்றியோரும் சுமார் 2000 நோயாளிகளின் கைகளை ஆராய்ந்தனர். ஒவ்வொரு விரலின் அசைவும் அளந்து எழுதப்பட்டது. உணர்விழந்த இடங்கள் குறிக்கப்பட்டன. இக்குறிப்புகளிலிருந்து ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நோய் எல்லா நரம்புகளையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. முழங்கைக்கு அருகிலும் மணிக்கட்டுக்கு மேலும் தோலை ஒட்டி, உடலின் குளிர்ந்த பகுதிகளில் செல்லும் நரம்புகளே பெரிதும் பாதிப்படைகின்றன. முன்கையில் ஆழத்தில் உள்ள தசைகள் பல நலமாகவே இருக்கின்றன.

இதுவே அறுவைக்கு அடிப்படையாயிற்று. நலமாக உள்ள ஒரு தசையின் நாணை அதன் இடத்திலிருந்து விடுவித்து, செயலிழந்த விரலுடன் இணைப்பது முறை. இவ்வகைத் தசைநாண் மாற்றுச் சிகிச்சை தொழுநோயாளர் ஒருவருக்கு 1948 இல் வேலூரில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. பின்னர், முன்கைத் தசை ஒன்றின் நாணோடு வேறிடத்திலிருந்து எடுத்த நாணை ஒட்டி, அதை நான்கு கிளைகளாகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் செலுத்தும் முறையைப் பிராண்ட் உருவாக்கினார். அறுவைக்குப் பின் நோயாளி தன் மூளைக்குப் புதிய பழக்கத்தைக் கற்பிக்க வேண்டும். முன்பு மணிக்கட்டை அசைத்த தசை இப்போது விரலை அசைக்கிறது என்பதை உணர்ந்து பழகுவதற்கு வாரக்கணக்கில் இயன்மருத்துவப் பயிற்சி தேவைப்பட்டது. தொங்கிய பாதத்தை நிமிர்த்தல், சப்பிய மூக்கைச் சீரமைத்தல், உதிர்ந்த புருவத்தை மீண்டும் அமைத்தல் ஆகிய அறுவைகளும் தொடர்ந்தன.

வலி இல்லாமையால் வரும் கேடு

கை சீரானவர்கள் மீண்டும் காயங்களோடு வந்தது பிராண்டுக்குப் புதிராக இருந்தது. ஒருமுறை துருவேறிய பூட்டொன்றைத் திறக்க அவர் முயன்று முடியாதபோது, அருகில் நின்ற ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியுமளவு வெட்டுப்பட்டிருந்தது. அவனோ அதை அறியவில்லை. வலி தடுக்காததால், பிறர் கை நிறுத்தும் இடத்தில் அவன் கை நிற்கவில்லை.

இதன்பின் நோயாளிகளின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிப் பதிவு செய்யப்பட்டது. சுடு பாத்திரம், பீடி நெருப்பு, கருவிப் பிடியின் உராய்வு, செருப்பில் தைத்த ஆணி என்று காரணங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. இரவில் விரல் காணாமற் போனதற்கு விடையாக, உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடித்துத் தின்பது தெரிய வந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. பல அறுவைகளுக்குப் பின் சென்னைக்கு விடுமுறையில் சென்ற ஒருவரின் கதையும் இவ்வகையினது. முதல் இரவில் எலி அவர் விரலைக் கடித்தது. அதற்கு அஞ்சி மறுநாள் இரவு விழித்திருந்து படித்தவரின் மற்றொரு கை, சூடான விளக்குக் கண்ணாடியில் பட்டுத் தீய்ந்தது.

காலில் ஏற்படும் புண்களுக்கு ஓய்வும் அழுத்தம் பரவுதலுமே மருந்து எனக் கண்ட பிராண்ட், மாவுக்கட்டு இட்டு அவற்றை ஆற்றினார். மீண்டும் புண் வராமல் இருக்க, மென்மையான நுண்ணறை ரப்பரால் அடித்தளம் அமைத்த செருப்புகள் உருவாக்கப்பட்டன. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என வழங்குவது இதுவே.

இக்காலத்தில் பிராண்டுக்கும் ஓர் அச்சம் நேர்ந்தது. நெடும் பயணத்திற்குப் பின் இலண்டனில் ஓர் இரவு, தம் குதிகாலின் ஒரு பகுதியில் உணர்வு இல்லாதிருப்பதைக் கண்டார். ஊசியால் குத்தியும் வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று கருதி இரவு முழுதும் உறங்காமல், குடும்பத்தைப் பிரிந்து வாழ நேரும் எதிர்காலத்தை எண்ணிக் கலங்கினார். காலையில் குத்திப் பார்த்தபோது வலித்தது. தொடர்வண்டியில் அசையாது அமர்ந்ததால் நரம்பு அழுந்தி மரத்துப் போயிருந்ததே காரணம். நோயாளிகள் நாள்தோறும் சுமக்கும் அச்சத்தை அந்த ஓரிரவில் தாம் அறிந்ததாக அவர் கருதினார்.

நவஜீவ நிலையம்

கை சீரடைந்தும் வாழ்க்கை சீரடையவில்லை என்பதைப் பிராண்டுக்குக் கற்பித்தவர்கள் நோயாளிகளே. முதலில் சிகிச்சை பெற்றவர்களுள் சிலர் திரும்பி வந்து, சீரான கையைக் கண்டு யாரும் பிச்சை இடுவதில்லை, நோயின் தழும்பைக் கண்டு யாரும் வேலையும் தருவதில்லை என்று முறையிட்டனர். இதன் விளைவாக மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. அது ஒரு சிற்றூரைப் போல எளிய குடிசைகளால் அமைந்தது. ஊர் திரும்பியபின் வாழப்போகும் சூழலிலேயே பயிற்சி பெற வேண்டும் என்பது இதன் நோக்கம். இலண்டனில் தாம் கற்ற தச்சுத் தொழிலைப் பிராண்ட் இங்கே பயன்படுத்தினார். நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்து விற்றனர். கருவிகளின் பிடிகள் உணர்வற்ற கைகளுக்கு ஏற்ப மாற்றப்பட்டன.

பிராண்டின் மாணவியான மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவருடைய மருத்துவ வாழ்வு முடிந்தது என்று பலர் கருதிய வேளையில், அமர்ந்தவாறே செய்யத்தக்கது கை அறுவை என்று பிராண்ட் ஊக்கினார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளரின் கைகளுக்கு மேரி வர்கீஸ் அறுவை செய்தார். பின்னர் வெளிநாடுகளில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1963 இல் வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1972 இல் பத்மசிறீ விருது பெற்றார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 இல் நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி மையத்தின் வளர்ச்சியிலும் பிராண்டுக்குப் பங்கு உண்டு.

சட்டமும் சமூகமும்

பிராண்ட் பணியாற்றிய காலத்தில் 1898 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆதரவற்றுத் திரியும் தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்கவும், சில தொழில்களிலிருந்து அவர்களை விலக்கவும் அச்சட்டம் இடமளித்தது. 1940களின் இறுதியில் சல்போன் மருந்துகளும், 1980களில் பன்மருந்துச் சிகிச்சையும் வந்து நோய் முற்றிலும் குணமாகக் கூடியதான பின்னரும் சட்டம் நீங்கவில்லை. 2016 இல்தான் அது நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019 இல் தனிநபர் சட்டங்களிலிருந்து அகற்றப்பட்டன. தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் 1995 ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்திலும், 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டுள்ளனர்.

அமெரிக்காவில்

1966 இல் பிராண்ட் குடும்பத்துடன் அமெரிக்கா சென்று, கார்வில் தொழுநோய் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அழுத்தம் மிகுந்தால் நிறம் காட்டும் காலுறைகள் அங்கே உருவாக்கப்பட்டன. வலிக்குப் பதிலாக ஒலியோ மின்னதிர்வோ தரும் கருவிகளும் சோதிக்கப்பட்டன. ஆனால் கருவியின் எச்சரிக்கை தொல்லையாக இருந்தபோது நோயாளிகள் அதை நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தனர். விரும்பினால் நிறுத்திவிடக் கூடிய எச்சரிக்கை வலிக்கு ஈடாகாது என்பது தெளிவாகி, அம்முயற்சி கைவிடப்பட்டது. எனினும் வேலூரில் தொழுநோயாளரிடம் கற்ற மாவுக்கட்டு முறையும் காலணி முறையும், நீரிழிவு நோயால் கால் உணர்விழந்தோருக்குப் பயன்பட்டன. இன்று நீரிழிவுக்காரர்களின் பாதத்தை நாள்தோறும் சோதிக்கச் சொல்லும் அறிவுரையின் பின்னணியில் இப்பணிக்கும் இடம் உண்டு.

நூல்களும் விருதுகளும்

பிராண்ட் 1952 இல் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹண்டேரியன் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960 இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருதும், 1961 இல் பிரித்தானிய அரசின் சி.பி.இ. விருதும் பெற்றார். கையின் இயக்கவியல் பற்றி 1985 இல் அவர் எழுதிய நூல் அறுவை மருத்துவர்களிடையே பெயர் பெற்றது. எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து மனித உடலைப் பற்றியும் வலியைப் பற்றியும் பொதுமக்களுக்கான நூல்கள் எழுதினார். டோரதி கிளார்க் வில்சன் இவரது வாழ்க்கை வரலாற்றை 1965 இல் வெளியிட்டார்.

வரலாற்று மூலங்கள்

மாணவர்க்கு ஊனமுற்றோர் வரலாற்றைக் கற்பிக்கப் பிராண்டின் வாழ்வு சார்ந்த மூலங்கள் பலவகையில் உதவும். தந்தையின் கடிதங்கள் நிகழ்வு நடந்த காலத்திலேயே எழுதப்பட்டவை. பிராண்டின் நூல்களோ பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து கூறப்பட்டவை. இவ்விரண்டையும் ஒரே தன்மையுடையனவாகக் கொள்ளலாகாது. ஆய்வுக் கட்டுரைகளில் உள்ள கைகளின் நிழற்படங்கள், அறுவைக்கு முன்னும் பின்னும் இருந்த நிலையைத் துல்லியமாகக் காட்டுகின்றன. எனினும் அக்கைகளுக்கு உரியவர் யார், அவர் என்ன எண்ணினார் என்பதை அவை சொல்வதில்லை. மேலும் இம்மூலங்களில் பெரும்பான்மை மருத்துவர் பக்கத்திலிருந்து எழுந்தவை.

இக்குறையை ஓரளவு நிறைவு செய்வன நோயாளிகளே உருவாக்கிய மூலங்கள். கார்வில் மருத்துவமனையில் வாழ்ந்து, நோயால் பார்வையிழந்த ஸ்டான்லி ஸ்டெயின் 1941 இல் தொடங்கிய தி ஸ்டார் என்னும் இதழ் இவற்றுள் புகழ்பெற்றது. தொழுநோயாளரைக் குறிக்கும் இழிசொல்லை நீக்கவும், வாக்குரிமை முதலிய உரிமைகளைப் பெறவும் இவ்விதழ் போராடியது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாதோரின் அனுபவம் ஏட்டில் ஏறுவது அரிது. அத்தகையோரின் வாழ்வை அறிய அவர்களின் குரலிலேயே பதிவு செய்யப்படும் வாய்மொழி வரலாறு இன்றியமையாதது. பார்வையற்ற மாணவரும் பார்வையுள்ள மாணவரும் ஒருங்கே பயன்கொள்ளத் தக்கது என்பதாலும் ஒலிப்பதிவு வகுப்பறைக்கு ஏற்றதாகும். மருத்துவர் எழுதிய குறிப்பையும் நோயாளியின் பேச்சையும் அடுத்தடுத்து வைத்து ஆராயும்போது, ஒரே நிகழ்வு இருவர்க்கும் எவ்வாறு வேறுபட்டது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்ள இயலும்.

இறுதிக் காலம்

பிராண்டின் தாய் எவலின், கணவர் இறந்த பின்னும் மலைகளை விட்டு நீங்கவில்லை. முதுமையில் கால் எலும்பு முறிந்து நடக்க இயலாதபோதும், மூங்கில் கழிகளை ஊன்றியும் குதிரை மீதமர்ந்தும் மலையூர்களுக்குச் சென்று வந்தார். 1974 இல் தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமான அவர், கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிராண்ட் 1986 இல் கார்வில் பணியிலிருந்து ஓய்வு பெற்று, சியாட்டில் நகரில் வாழ்ந்தார். அங்குள்ள வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் மதிப்புறு பேராசிரியராகவும் இருந்தார். 2003 ஜூலை 8 அன்று, கீழே விழுந்ததால் மூளையைச் சுற்றி ஏற்பட்ட குருதிக் கசிவின் காரணமாகத் தம் 88 ஆம் வயதில் காலமானார். அவர் பயிற்றுவித்த அறுவை முறைகள் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் தொழுநோய் மருத்துவமனைகளில் தொடர்ந்து பயன்பட்டு வருகின்றன.